கரண்ட் வந்தும் நெட் வரவில்லை: மலையில் ஓடும் லினக்ஸ் பெட்டிக்குத் துவக்க அமைப்பு எழுதுவது எப்படி?

நீலகிரியில் தென்மேற்குக் காற்று ஏறிவிட்டால் கற்பூர மரமும் சில்வர் ஓக்கும் மின்கம்பி மேல் சாய்வது வாடிக்கை. ஒரே பகலில் மூன்று நான்கு முறை கரண்ட் போய் வரும். கோத்தகிரிப் பக்கத்து டீ ஃபேக்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பச்சை இலை எடை போடும் கொட்டகையிலிருந்து எடை விவரம் கணக்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும், அலுவலகத்திலிருந்து இணையத்துக்குப் போக வேண்டும். நடுவில் கேட்வேயாக, அதாவது உள் நெட்வொர்க்கையும் இணையத்தையும் இணைக்கும் வாசலாக, ஒரு சிறிய லினக்ஸ் கணினி. கரண்ட் வந்து பத்து நிமிடத்தில் போன் வரும்: “சார், லைட்டெல்லாம் எரியுது, பெட்டியும் ஓடுது, நெட் மட்டும் வரல.” “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணே.” சரியாகிவிடும். அடுத்த மின்தடையில் மறுபடி அதே பல்லவி.

ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது. முதல்முறை பெட்டி எழுந்தபோது ஃபைபர் மோடம் எழவில்லை. இரண்டாம் முறை மோடம் ஏற்கனவே தயாராக இருந்தது. எஸ்எஸ்டி போட்ட சிறு கணினி இருபது முப்பது வினாடிக்குள் துவங்கிவிடும். மோடம் எக்ஸ்சேஞ்சுடன் பேசிப் பதிவாக ஓரிரு நிமிடம் ஆகும். மேனேஜ்டு சுவிட்சு இருந்தால் இன்னொரு தாமதம் உண்டு: கேபிள்கள் சுற்றாக மாட்டிக்கொள்வதைத் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ ஓடும் போர்ட்டில் கேபிள் விளக்கு எரிந்த பிறகும் 15 + 15 என்று 30 வினாடிக்குப் பாக்கெட் எதுவும் போகாது. பெட்டி பார்க்கும்போது இணைப்பு இருக்கிறது, ஆனால் டிஎச்சிபி (தானாக முகவரி வாங்கும் முறை) கேட்டால் பதில் இல்லை.

அமைப்பை எழுதுகிறவர் எல்லாச் சாதனமும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறார். ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்க்கிறார், வேலை செய்கிறது, விட்டுவிடுகிறார். மலைக்கு எழுத வேண்டியது எதுவுமே தயாராக இல்லாத முதல் மூன்று நிமிடத்துக்கான அமைப்பு. அதில் தேறினால் மற்ற நேரங்களில் தானாகத் தேறும்.

கீழே வரும் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பில் தரப்பட்டிருக்கின்றன. கணினியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம்.

ஒரு கார்டுக்கு ஒரு பொறுப்பாளர்

முதலில் பார்க்க வேண்டியது, நெட்வொர்க் கார்டு யார் பொறுப்பில் இருக்கிறது என்பது. டெபியனில் பழைய முறை ஐஃப்அப்டவுன். அதன் கோப்பு /எட்சி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ். உபுண்டு 17.10 முதல் நெட்பிளான். அது யாம்ல் வடிவில் எழுதிய அமைப்புக் கோப்பைப் படித்து, அடியில் சிஸ்டம்டி-நெட்வொர்க்டிக்கோ நெட்வொர்க்மேனேஜருக்கோ எழுதிக் கொடுக்கிறது. (சிஸ்டம்டி என்பது லினக்ஸில் மற்ற நிரல்களைத் துவக்கிக் கவனிக்கும் மேலாளர்.) ராஸ்பெர்ரி பை ஓஎஸ் 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பில் நெட்வொர்க்மேனேஜருக்கு மாறியது. அதற்கு முன் டிஎச்சிபிசிடி. ரெட் ஹேட் குடும்பத்தில் பலருக்குப் பழகிய ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்புகள் 9ஆம் பதிப்பிலேயே ஓரங்கட்டப்பட்டன. புதிய இணைப்புகள் சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ் அடைவில் கீஃபைலாக எழுதப்படுகின்றன. அந்தக் கோப்பின் அனுமதி 600 ஆக, உரிமை ரூட்டிடம் இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் நெட்வொர்க்மேனேஜர் அதைப் படிக்காமலேயே தள்ளிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்து ஒரே கார்டை இரண்டு இடத்தில் எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒன்று முகவரி கொடுக்கும், இன்னொன்று அதைப் பிடுங்கிவிட்டு டிஎச்சிபி கேட்கும். யார் முந்துகிறார் என்பது ஒவ்வொரு துவக்கத்திலும் மாறும். சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்ஸ் ஓட்டி, நெட்வொர்க்கிங், நெட்வொர்க்மேனேஜர், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டிஎச்சிபிசிடி நான்கில் எவை ஓடுகின்றன என்று பாருங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை டிசேபிள் செய்யுங்கள். டெபியனில் நெட்வொர்க்மேனேஜர், இன்டர்ஃபேசஸ் கோப்பில் பெயர் உள்ள கார்டைத் தானாகவே தொடாமல் விடும். அந்தக் கோப்பில் யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரியால்தான் கார்டு அன்மேனேஜ்டு என்று காட்டுகிறது என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

கிளவுட் இமேஜிலிருந்து நிறுவிய உபுண்டு என்றால், 50-கிளவுட்-இனிட் யாம்ல் கோப்பு மறுபடி எழுதப்படலாம். துவக்கத்தில் அமைப்பைத் தானே எழுதும் கிளவுட்-இனிட் நிரலின் நெட்வொர்க் பகுதியை டிசேபிள்டு என்று அணைத்துவிட்டு, சொந்தக் கோப்பில் எழுதுவதே நல்லது.

ஆர்சி.லோக்கல் கோப்பில் ஸ்லீப் 30 போட்டு அதன் கீழ் ஐபி கட்டளைகளை அடுக்குவது இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இதை நாம் ஒப்புக்கொள்ளவே கூடாது. அது துவக்கத்தில் ஒரே ஒருமுறை ஓடும். மோடம் 31ஆவது வினாடியில் எழுந்தால் கதை முடிந்தது. நடுப்பகலில் கேபிள் கழன்று மறுபடி சொருகினால் அதைக் கவனிக்க யாரும் இல்லை. 30 போதவில்லை என்று 90 போடுவார்கள், பிறகு 180. எவ்வளவு போட்டாலும் அது ஊகம்தான். மோடம் எழுந்ததா என்று உண்மையில் பார்ப்பவர் யாரும் அங்கே இல்லை.

பெயர் மாறாமல் இருக்க

பெட்டியில் ஒரு போர்ட்தான் இருக்கிறது என்று இரண்டாவதற்கு யுஎஸ்பி அடாப்டர் வாங்குவார்கள். ஈத்0, ஈத்1 என்ற பெயர்கள் கெர்னல் கண்டுபிடிக்கும் வரிசையில் வருபவை. ஒருநாள் இடம் மாறினால் வெளி உலகம் உள்ளேயும் உள் உலகம் வெளியேயும் போய்விடும். 2013இல் சிஸ்டம்டி 197 கொண்டுவந்த இஎன்பி3எஸ்0 வகைப் பெயர்கள் பஸ் எண்ணை வைத்து வருவதால் பெரும்பாலும் நிலையானவை. ஆனால் புதிதாக ஒரு என்விஎம்இ அட்டையைச் சொருகினால் பஸ் எண் ஒன்று தள்ளி, 3 என்பது 4 ஆகலாம்.

நமக்கு வேண்டிய பெயரை நாமே வைத்துவிடலாம். /எட்சி/சிஸ்டம்டி/நெட்வொர்க் அடைவில் 10-வான்.லிங்க் என்று ஒரு கோப்பு. மேட்ச் பகுதியில் கார்டின் பெர்மனன்ட்மேக்அட்ரஸ் (கார்டிலேயே பதித்த வன்பொருள் முகவரி), லிங்க் பகுதியில் நேம்=வான்0. வெறும் மேக்அட்ரஸ் போட்டால், அதே கார்டின் மேல் பின்னால் விலேன் (ஒரே கார்டில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) உருவாக்கும்போது அதற்கும் அதே மேக் இருப்பதால் பொருத்தம் குழம்பும். ஈத்0 என்றே மறுபெயர் வைக்க வேண்டாம், கெர்னல் கொடுக்கும் பெயரோடு மோதும். டெபியன், உபுண்டுவில் இந்தக் கோப்பு இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத்தின் முதல் கட்டத்துக்கான சிறு கோப்புத் தொகுப்பு) உள்ளேயும் போகிறது என்பதால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டாமல் ரீபூட் செய்தால் பெயர் மாறாமல் நிற்கும். கோப்பில் தவறு தேடி அரை நாள் வீணாவது இங்கேதான்.

கேபிளில் உயிர் இல்லாத நேரம்

லினக்ஸில் கேரியர் என்பது எதிர்முனையில் உயிருள்ள சாதனம் இருக்கிறதா என்ற அடையாளம். துவக்க அமைப்பின் குணம் எல்லாம் இந்த ஒன்றை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

ஐஃப்அப்டவுனில் ஆட்டோ என்று எழுதிய கார்டு துவக்கத்தில் ஐஃப்அப் -ஏ மூலம் ஏறும். அலோ-ஹாட்ப்ளக் என்று எழுதியது, கார்டு தென்படும்போது யூடெவ் (புதிய சாதனங்களைக் கவனிக்கும் நிரல்) மூலம் ஏறும். யுஎஸ்பி அடாப்டருக்கு இரண்டாவதே பொருத்தம். கவனிக்க: ஹாட்ப்ளக் என்பது கார்டைச் சொருகுவது பற்றியது. கேபிளைச் சொருகுவதை ஐஃப்அப்டவுன் கண்டுகொள்வதே இல்லை. நிலையான முகவரி என்றால் கேபிள் செத்திருந்தாலும் வைத்துவிட்டுப் போய்விடும், இது நமக்குச் சாதகம். டிஎச்சிபி என்றால், பழைய டிஎச்கிளையன்ட் பதில் வராமல் சோர்ந்து “ஸ்லீப்பிங்” என்று லாகில் எழுதிவிட்டு, இயல்பாக 5 நிமிடம் கழித்தே மறுபடி கேட்கும். நெட் பத்து நிமிடம் கழித்துத் தானாக வந்தது என்றால் அதன் விளக்கம் பெரும்பாலும் இதுதான். அந்த நிரலின் பராமரிப்பை ஐஎஸ்சி 2022இல் நிறுத்திவிட்டது. புதிதாக அமைப்பவர்கள் அதில் தொடங்க வேண்டாம்.

நெட்வொர்க்மேனேஜர் டிஎச்சிபிக்கு இயல்பாக 45 வினாடி காத்திருக்கும், நான்கு முறை தோற்றால் சிறிது நேரம் கையைக் கட்டிக்கொள்ளும். அதன் கட்டளையான என்எம்சிஎல்ஐ மூலம் அந்த இணைப்பின் ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ் மதிப்பை 0 ஆக்கினால் ஓயாமல் முயலும். டிஎச்சிபி-டைம்அவுட்டை இன்ஃபினிட்டி ஆக்கலாம். இரண்டே மதிப்புகள், மோடம் தாமதமாக எழும் இடத்தில் பாதிப் புகார் இதிலேயே நின்றுவிடும்.

சிஸ்டம்டி-நெட்வொர்க்டி வெளிப்பக்கப் போர்ட்டுக்கு மிக நல்லது. கேரியர் வந்தால் எழும், போனால் இறங்கும், டிஎச்சிபியை விடாமல் கேட்கும். சிக்கல் உள்பக்கப் போர்ட்டில். அலுவலகச் சுவிட்சு யுபிஎஸ்ஸில் இல்லை, கேட்வே பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். பெட்டி துவங்கும்போது சுவிட்சு இருட்டில். கேரியர் இல்லை என்பதால் நெட்வொர்க்டி 10.47.3.1 என்ற முகவரியை வைக்காது. அந்த முகவரியில் கேட்கும்படி எழுதிய எடைக் கணக்கு நிரல் “கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்” என்று விழும். சிஸ்டம்டி அதை மீண்டும் எழுப்பும். ரீஸ்டார்ட்செக் இயல்பு மதிப்பு 100 மில்லிவினாடி. பத்து வினாடிக்குள் ஐந்து முறை துவங்கி விழுந்தால் இனி வேண்டாம் என்று விட்டுவிடுவது அதன் இயல்பு. ஆக, ஒரு வினாடிகூட ஆவதற்குள் ஐந்து முயற்சியும் தீர்ந்து நிரல் ஃபெயில்டு என்று கிடக்கும். சுவிட்சுக்குக் கரண்ட் வருகிறது, முகவரியும் வந்துவிடுகிறது, பிங் போகிறது. நிரல் மட்டும் செத்துக் கிடக்கிறது. நெட்வொர்க் சரியாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் நிரலை எழுதியவரைத் திட்டுகிறார்கள்.

இரண்டு பக்கமும் சரிசெய்ய வேண்டும். உள்பக்கப் போர்ட்டின் .நெட்வொர்க் கோப்பில், நெட்வொர்க் பகுதியில் கான்ஃபிகர்வித்அவுட்கேரியர்=யெஸ் என்று எழுதினால் கேபிளில் உயிர் இல்லாவிட்டாலும் முகவரி நிற்கும். நிரலின் யூனிட்டில் (சிஸ்டம்டிக்கான அதன் அமைப்புக் கோப்பில்) ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர், ரீஸ்டார்ட்செக்=10, யூனிட் பகுதியில் ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=0. பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் சேவைக்கு டிஎன்எஸ்மாஸ்க் ஓட்டுபவர்கள் பைண்ட்-இன்டர்ஃபேசஸ் வரியை எடுத்துவிட்டு பைண்ட்-டைனமிக் போடலாம். பிறகு வரும் முகவரியையும் அது பிடித்துக்கொள்ளும்.

காத்திருப்பது எதற்காக?

நெட்வொர்க்.டார்கெட், நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்ற சிஸ்டம்டியின் இரண்டு துவக்கக் கட்டங்களையும் குழப்பிக்கொள்வது அதிகம். முதலாவது, நெட்வொர்க்கைக் கவனிக்கும் நிரல் துவங்கிவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. முகவரி இருப்பதாக அது எந்த உறுதியும் தரவில்லை. இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும் என்றால் ஆஃப்டர்= வரி மட்டும் போதாது, வான்ட்ஸ்= வரியும் வேண்டும்.

அதற்கும் ஒரு விலை உண்டு. நெட்வொர்க்டியின் வெயிட்-ஆன்லைன், தான் கவனிக்கும் எல்லா இணைப்புக்காகவும் 120 வினாடி வரை காத்திருக்கும். கேபிள் செருகாத மூன்றாவது போர்ட் ஒன்று அமைப்பில் இருந்தால் ஒவ்வொரு துவக்கமும் இரண்டு நிமிடம் தாமதம். அந்தப் போர்ட்டின் கோப்பில், லிங்க் பகுதியில் ரிக்வயர்டுஃபார்ஆன்லைன்=நோ என்று எழுதிவிடுங்கள். என்எஃப்எஸ் மவுண்ட் (வேறு கணினியின் சேமிப்பை நெட்வொர்க் வழியே இணைப்பது) இருந்தால் எஃப்எஸ்டேபில் _நெட்டெவ் உடன் நோஃபெயில் சேர்க்காமல் விடாதீர்கள். சேமிப்புக் கணினி எழாத நாளில் அந்த மவுண்டுக்காகக் காத்திருந்து கேட்வேயின் துவக்கமும் தாமதமாகும். 

எங்கள் கருத்து, ஆன்லைன் டார்கெட்டை முடிந்தவரை சார்ந்திருக்கவே வேண்டாம். ஒருமுறை ஆன்லைன் ஆனது என்பதால் அடுத்த நிமிடமும் இருக்கும் என்று மலையில் யாரும் சொல்ல முடியாது. தோற்றால் பத்து வினாடி பொறுத்து மறுபடி முயலும் நிரல், சரியான வரிசைக்குக் காத்திருக்கும் நிரலைவிட எப்போதும் மேல்.

மரம் விழுந்தது மேலே, விளக்கு எரிவது இங்கே

ஃபைபரோடு 4ஜி டாங்கிள் ஒன்றையும் மாற்று வழியாக வைப்பது இப்போது சகஜம். இதில் முதல் பிழை, இன்டர்ஃபேசஸ் கோப்பில் இரண்டு கார்டுக்கும் கேட்வே வரி எழுதுவது. இரண்டாவது ஏறும்போது “ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்” என்று தோற்கும். ஒவ்வொரு வழிக்கும் மெட்ரிக் என்ற முன்னுரிமை எண் வேண்டும்: ஃபைபருக்கு 100, 4ஜிக்கு 600. சிறிய எண்ணுக்கு முன்னுரிமை. அடுத்தது முகவரி மோதல். டாங்கிள்களும் மோடம்களும் 192.168.1, 192.168.8 போன்ற வரிசைகளையே விரும்பும். உள்பக்கத்துக்கும் அதையே வைத்திருந்தால் டாங்கிளைச் சொருகிய கணமே அலுவலகம் முழுக்க அறுந்துவிடும். 10.47.3.0/24 போல யாரும் பயன்படுத்தாத ஒன்றை முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரிக் வைத்துவிட்டால் தானாக மாறிக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். மோடத்துக்குக் கரண்ட் போனால் நெட்வொர்க்டியிலும் நெட்வொர்க்மேனேஜரிலும் மாறும், ஏனென்றால் கேரியர் போகிறது. ஆனால் மலையில் அதிகம் நடப்பது வேறு. நான்கு கொண்டை ஊசி வளைவு தள்ளி மரம் சாய்ந்து ஃபைபர் அறுகிறது. மோடம் இங்கே உயிரோடு இருக்கிறது. பெட்டிக்கும் மோடத்துக்கும் நடுவே விளக்கு பச்சையாக எரிகிறது. கெர்னலுக்கு எந்தச் சந்தேகமும் வராது. எல்லாப் பாக்கெட்டையும் அறுந்த வழியில் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு சிறிய காவல் ஸ்கிரிப்ட் வேண்டும். சிஸ்டம்டி டைமர் வைத்து 20 வினாடிக்கு ஒருமுறை, பிங் -ஐ வான்0 என்று ஃபைபர் கார்டைக் குறிப்பிட்டே வெளியே உள்ள இரண்டு வெவ்வேறு முகவரிகளைக் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் அந்தச் சர்வர் சுணங்கும்போதெல்லாம் வழி மாறும். தொடர்ந்து மூன்று முறை இரண்டும் தோற்றால் மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் சறுக்குகின்றன. ஃபைபர் வழியை அழித்துவிட்டால், அதன்பின் வான்0 வழியாகப் பிங் செய்யவே வழி இருக்காது. கெர்னல் அந்த வெளி முகவரியைப் பக்கத்துக் கேபிளில் இருப்பதாக எண்ணி ஏஆர்பி மூலம் அதன் வன்பொருள் முகவரியைக் கேட்டு ஏமாறும். ஃபைபர் சரியானாலும் ஸ்கிரிப்டுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஃபைபர் வழியைத் தொடாதீர்கள். 4ஜி வழியாக மெட்ரிக் 50 உடன் இன்னொரு டிஃபால்ட் வழியைச் சேருங்கள், ஃபைபர் தேறியதும் அந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள். திரும்பும்போது அவசரம் வேண்டாம்; ஐந்து நிமிடம் தொடர்ந்து பதில் வந்த பிறகு மாற்றினால் போதும். வேலையாட்கள் கேபிளை ஒட்டும் நேரத்தில் இணைப்பு வந்து வந்து போகும். வழி மாறியதும் கான்ட்ராக் -டி ஓட்டிப் பழைய தொடர்புப் பதிவுகளைத் துடையுங்கள், இல்லாவிட்டால் நேட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் முறை) வழியாகப் போய்க்கொண்டிருந்த பழைய தொடர்புகள் பழைய முகவரியிலேயே தொங்கும்.

ஸ்கிரிப்டால் தீராத சிலவும் உண்டு. எடைக் கொட்டகை அலுவலகத்திலிருந்து 150 மீட்டர் என்றால் செம்புக் கேபிளே கூடாது. ஈதர்நெட்டின் எல்லை 100 மீட்டர் என்பது ஒன்று, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு ஓடினால் இடி விழும்போது இரு முனைப் போர்ட்டும் கருகும் என்பது இன்னொன்று. ஃபைபரும் இரண்டு மீடியா கன்வர்ட்டரும் போடுங்கள். கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளை 1000க்குப் பதில் 100 என்று வேகம் காட்டினால், நான்கு ஜோடிக் கம்பியில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது அல்லது மேகம் இறங்கும் ஈரத்தில் ஆர்ஜே45 முனையில் களிம்பு ஏறியிருக்கிறது. அமைப்புக் கோப்பை அன்று திறக்க வேண்டாம்; கிரிம்பிங் கருவியை எடுங்கள்.

கடிகாரம் பின்னால் போனால்

ராஸ்பெர்ரி பை 4 வரை கடிகாரச் சில்லு இல்லை. 5இல் இருக்கிறது, பேட்டரி தனியாக வாங்க வேண்டும். கரண்ட் இல்லாத நேரம் பைக்குத் தெரியாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். வயர்கார்டு விபிஎன் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரமுத்திரை அனுப்புகிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால் எதிர்முனை பேசாமல் தள்ளிவிடும். பிழைச் செய்திகூட வராது. நேரத்தை என்டிபி (நெட்வொர்க் வழியே நேரம் கேட்கும் முறை) மூலம் சரிசெய்யலாமே என்றால், டிஎன்எஸ் விபிஎன் உள்ளே இருக்கிறது, என்டிபி சர்வரின் பெயருக்கு டிஎன்எஸ் வேண்டும், விபிஎன்னுக்கு நேரம் வேண்டும். இந்தச் சுழலில் பெட்டி நாள் முழுக்க நிற்கும். டிஎஸ்3231 சில்லு உள்ள சிறு பலகையும் ஒரு பட்டன் பேட்டரியும் போட்டுவிட்டால் தீர்ந்தது. முடியாத இடத்தில் என்டிபிக்கான டிஎன்எஸ்ஸையாவது விபிஎன்னுக்கு வெளியே வையுங்கள்.

தொலைவிலிருந்து மாற்றுவதும் சோதிப்பதும்

கோயம்புத்தூரில் உட்கார்ந்து கோத்தகிரிப் பெட்டியின் முகவரியை மாற்றுகிறீர்கள் என்றால், தவறினால் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேற வேண்டும். மதுரையிலிருந்து கொடைக்கானலைப் பார்ப்பவருக்கு வத்தலக்குண்டு மலைப்பாதை. மண்சரிவு நாளில் அதுவும் முடியாது. நெட்பிளானில் அப்ளைக்குப் பதிலாக ட்ரை பயன்படுத்துங்கள்: 120 வினாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடும். கார்டுகளை ஒன்றாக இணைக்கும் பிரிட்ஜ், பாண்ட் அமைப்புகளில் அதை முழுதாக நம்ப முடியாது. மற்ற முறைகளில், மாற்றுவதற்கு முன் பழைய கோப்பை நகலெடுத்து, சிஸ்டம்டி-ரன் --ஆன்-ஆக்டிவ்=10மின் கொண்டு அந்த நகலைத் திருப்பி வைத்து ரீபூட் செய்யும் வேலையைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். எல்லாம் சரியென்றால் அந்த டைமரை நிறுத்துங்கள். மாற்றி முடித்ததும் சிங்க் கட்டளை ஒன்று தட்டுங்கள். எழுதிய சில வினாடியில் கரண்ட் போனால் கோப்பு பூஜ்ஜியம் பைட்டாகத் திரும்பி வரக்கூடும்.

சோதிக்க ரீபூட் கட்டளை போதாது. அப்போது மோடமும் சுவிட்சும் விழித்தே இருக்கும். மெயின் சுவிட்சை இறக்கி, இரண்டு நிமிடம் பொறுத்து ஏற்றிப் பாருங்கள். பிறகு மோடத்தை மட்டும் ஐந்து நிமிடம் தாமதித்து ஏற்றுங்கள். பிறகு உள்பக்கக் கேபிளைக் கழற்றிவிட்டுத் துவக்கி, துவங்கிய பின் சொருகுங்கள். கடைசியாக, எல்லாம் ஓடும்போது மோடத்தின் பின்னால் உள்ள ஃபைபர் முனையை மட்டும் கழற்றுங்கள்; ஒரு நிமிடத்துக்கு மேல் சற்றுப் போனதும் 4ஜி வழியில் போக வேண்டும். ஐபி ரூட் கெட் 1.1.1.1 என்று கேட்டால் எந்தக் கார்டு வழி என்று அங்கேயே சொல்லிவிடும். ஒவ்வொன்றுக்கும் யாரும் கை வைக்காமல் பெட்டி எழ வேண்டும்.

சோதனைக்கு முன், லாக் சேமிக்கும் ஜர்னல்டியில் ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டென்ட் போடுங்கள். இல்லாவிட்டால் பல பெட்டிகளில் லாக் நினைவகத்திலேயே இருந்து கரண்டோடு போய்விடும். போட்டிருந்தால் ஜர்னல்சிடிஎல் -பி -1 என்று முந்தைய துவக்கத்தில் நடந்ததை வினாடி வாரியாகப் படிக்கலாம். மோடம் எத்தனையாவது வினாடியில் எழுந்தது, நிரல் எப்போது விழுந்தது, எதற்காகக் காத்திருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த நிலை எவ்வளவு நேரம் தின்றது என்று மட்டும் பார்க்க சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின் போதும்.